ஒற்றை பிராசசரில் கெர்னல் சோதனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் கெர்னலில் டிரைவர் எழுதுகிறவர்கள், பழைய போர்டுகளுக்குக் கெர்னலை கம்பைல் செய்து தருகிறவர்கள் ஆகியோருக்காக எழுதியது. இதில் யூபி என்றால் ஒரே பிராசசருக்கென்று, கான்ஃபிக்_எஸ்எம்பி தேர்வை அணைத்துவிட்டு கம்பைல் செய்த கெர்னல். எஸ்எம்பி என்றால் பல பிராசசர்களுக்கானது. செயல்கூறுகளின் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே அடிக்கோட்டுடன் கொடுத்திருக்கிறேன். சத்தமாகப் படித்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

ஒரே பிராசசர்தானே, வேலை எளிதாகத்தானே இருக்க வேண்டும்? இதில் தனியாக யோசிக்க என்ன இருக்கிறது?

லாக் போடுவது எளிதுதான். "லாக் போட்டிருக்கிறதா?" என்று கேட்பதில்தான் சிக்கல். வீட்டில் ஒரே ஆள் இருந்தால் குளியலறைக் கதவுக்கு யாரும் தாழ்ப்பாள் போடுவதில்லை. "தாழ்ப்பாள் போடவில்லை, அதனால் உள்ளே ஆள் இல்லை" என்று அங்கே முடிவுகட்ட முடியுமா? கெர்னலில் பலர் அப்படித்தான் முடிவுகட்டி மாட்டிக்கொண்டார்கள். நானும்தான்.

யூபி பில்டில் ஸ்பின்லாக் என்ன ஆகிறது?

கிட்டத்தட்ட காணாமல் போகிறது. ஸ்பின்லாக் என்பது இன்னொரு பிராசசர் லாக்கை விடும்வரை அதே இடத்தில் சுற்றிக்கொண்டு காத்திருக்கும் பூட்டு. இன்னொரு பிராசசரே இல்லையென்றால் யாருக்காகக் காத்திருப்பது? அதனால் ஸ்பின்_லாக் என்ற அழைப்பு, நடுவில் வேறு டாஸ்க் புகுந்துவிடாதபடி ப்ரீஎம்ப்ஷனை நிறுத்துவதோடு முடிந்துவிடுகிறது. ப்ரீஎம்ப்ஷனே இல்லாத கெர்னல் என்றால் அதுவும் கிடையாது. கம்பைலர் வரிசையை மாற்றிவிடாமல் தடுக்கும் ஒரு தடுப்பு மட்டும் மிஞ்சும். பெயரில் ஐஆர்கியூ, ஐஆர்கியூசேவ் என்று வரும் வகைகளில் மட்டும் இன்டரப்ட் (வன்பொருள் இடையில் புகுந்து அழைப்பது) நிஜமாகவே அணைக்கப்படும். ஒரே பிராசசரிலும் இன்டரப்ட் எந்த நேரமும் வாசல் மணியை அடிக்கும் அல்லவா.

டீபக் தேர்வுகள் இல்லாத யூபி பில்டில் ஸ்பின்லாக் என்ற தரவு வகையே காலி. ஜிசிசி கம்பைலரில் அதன் அளவு 0 பைட். பூட்டியதா இல்லையா என்று குறித்து வைக்க ஒரு பிட்கூட இடம் இல்லை.

அப்படியானால் ஸ்பின்_இஸ்_லாக்ட் என்ன சொல்லும்?

எப்போதும் "இல்லை" என்றுதான் சொல்லும். முந்தைய வரியில் நீங்களே லாக் எடுத்திருந்தாலும் அதே பதில்தான். கேட்டால் 0 திருப்பு என்று நேரடியாகவே எழுதியிருக்கிறார்கள். காத்திருக்காமல் லாக் கிடைக்கிறதா என்று முயன்று பார்க்கும் ட்ரைலாக் இதற்கு நேர் எதிர். எப்போதும் "கிடைத்துவிட்டது" என்று 1 திருப்பும். இரண்டும் அதனதன் அளவில் நியாயமானவையே. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும்: கிடைத்துவிட்டது, ஆனால் பூட்டப்படவில்லை.

இதனால் நிஜமாகவே ஏதாவது உடைந்திருக்கிறதா?

உடைந்திருக்கிறது, அதுவும் கெர்னலின் நடுக்கூடத்திலேயே. 2011இல் ஃப்யூடெக்ஸ் பகுதியில் நடந்தது இது. பயனர் நிரல்களின் மியூடெக்ஸ்கள் (த்ரெட்டுகளுக்கு இடையிலான பூட்டுகள்) எல்லாம் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஃப்யூடெக்ஸ்.

காத்திருக்கும் ஒரு த்ரெட்டை வரிசையிலிருந்து எடுத்துவிடும் சின்னச் செயல்கூறு ஒன்று அங்கே உண்டு. அதை அழைப்பவர் முன்னதாக லாக் எடுத்திருக்க வேண்டும் என்பது விதி. அதைச் சரிபார்க்க முதல் வரியிலேயே ஒரு வார்ன்_ஆன் (நிபந்தனை உண்மையானால் எச்சரிக்கை அச்சிடும் மேக்ரோ) சேர்த்தார்கள். அந்த வரி கேட்டது இவ்வளவுதான்: லாக் சுட்டி காலியா? லாக் பூட்டப்படாமல் இருக்கிறதா? இந்தப் பதிவு எந்த வரிசையிலும் இல்லையா? மூன்றில் ஒன்று உண்மையானாலும் எச்சரித்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் செய்யாமல் திரும்பிவிட வேண்டும்.

எஸ்எம்பியில் குறை சொல்ல முடியாத கோட். யூபியிலோ இரண்டாவது கேள்விக்கு எப்போதும் "ஆமாம், பூட்டப்படவில்லை" என்றே பதில் வரும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரு பொய் எச்சரிக்கை. அது தொலையட்டும் என்றுகூட விடலாம். எச்சரித்த கையோடு செயல்கூறு திரும்பிவிடுவதால் வரிசையிலிருந்து எடுக்கும் வேலை நடக்கவே இல்லை. அந்தக் காத்திருப்புப் பதிவு இருப்பது காத்திருந்த த்ரெட்டின் கெர்னல் ஸ்டாக்கில். த்ரெட் கிளம்பிப் போன பிறகும் வரிசை அதே முகவரியைச் சுட்டிக்கொண்டிருக்கும். பிழையைப் பிடிக்க வைத்த சோதனையே பிழையாகிப் போனது.

அந்த மார்ச்சில் கெர்னல் உருவாக்குநர் ஸ்டீவன் ரோஸ்டெட் இதைச் சரிசெய்தார். லாக் பற்றிய கேள்விகளை எஸ்எம்பியில் மட்டும் வேலை செய்யும் வார்ன்_ஆன்_எஸ்எம்பிக்குள் நகர்த்தினார். "வரிசையில் இல்லையா" என்ற கேள்வியைச் சாதாரண வார்ன்_ஆனிலேயே விட்டுவைத்தார். இந்தப் பிரிப்பைக் கவனிக்க வேண்டும். வரிசை பற்றிய கேள்விக்கு யூபியிலும் அர்த்தம் உண்டு. லாக் பற்றிய கேள்விக்குத்தான் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மேக்ரோவுக்குள் தள்ளியிருந்தால் யூபிக்காரர்கள் நல்ல சோதனை ஒன்றையும் இழந்திருப்பார்கள்.

வார்ன்_ஆன்_எஸ்எம்பி எப்படி வேலை செய்கிறது?

எஸ்எம்பி பில்டில் அது வார்ன்_ஆனேதான். யூபி பில்டில் ஒன்றும் செய்யாமல் பொய் என்ற மதிப்பைத் தரும்.

மேலே சொன்ன திருத்தத்துக்குமுன் யூபியில் அது டூ-வைல்-0 என்ற பழைய வெற்றுச் சுற்றாக இருந்தது. அது ஒரு வாக்கியம், மதிப்பு இல்லாதது. அதனால் இஃப் நிபந்தனைக்குள் வைத்தால் கம்பைல் ஆகாது. சரி, வெறும் 0 என்று போட்டுவிட்டால்? தனி வரியாகப் பயன்படுத்தும்போது "இந்த வாக்கியத்தால் பயனில்லை" என்று ஜிசிசி முணுமுணுக்கும். கடைசியில், அடைப்புக்குறிக்குள் நெளிவுக்குறி, அதற்குள் 0 என்ற ஜிசிசியின் தனி வடிவத்தைப் போட்டார்கள். தனி வரியாகவும் நிற்கும், நிபந்தனைக்குள்ளும் உட்காரும்.

ஒரு எச்சரிக்கை. யூபியில் அடைப்புக்குள் நீங்கள் எழுதியது மதிப்பிடப்படுவதே இல்லை. கம்பைலர் கண்ணிலேயே படாது. எஸ்எம்பியில் மட்டும் இருக்கும் ஸ்ட்ரக்ட் உறுப்பைக்கூட அதற்குள் தைரியமாகக் குறிப்பிடலாம் என்பது இதன் வசதி. ஏதாவது வேலை செய்யும் செயல்கூறை உள்ளே அழைத்தால் யூபியில் அந்த வேலை நடக்காது என்பது இதன் ஆபத்து. சோதனைக்குள் வேலை வைக்காதீர்கள்.

அப்படியானால் எல்லா லாக் சோதனைக்கும் வார்ன்_ஆன்_எஸ்எம்பி போட்டுவிடலாமா?

வேண்டாம். அது வாயை அடைக்கும் மருந்து. நோய்க்கு வேறு மருந்து இருக்கிறது.

ஸ்பின்_இஸ்_லாக்ட் எஸ்எம்பியிலும் தவறான கேள்வியைத்தான் கேட்கிறது. "யாராவது பூட்டியிருக்கிறார்களா" என்றுதான் அது பார்க்கும். உங்களுக்குத் தெரிய வேண்டியது "நான் பூட்டியிருக்கிறேனா" என்பது. நான்கு கோர் உள்ள மிஷினில் நீங்கள் லாக் எடுக்க மறந்த அதே நொடியில் இன்னொரு கோர் அதைப் பிடித்திருந்தால் சோதனை சிரித்துக்கொண்டே உங்களை உள்ளே விட்டுவிடும். நெரிசல் அதிகமாக இருக்கும்போதுதான் லாக் மறந்த பிழை கடிக்கும். இந்தச் சோதனை கண்ணை மூடிக்கொள்வதும் அதே நேரத்தில்தான்.

சரியான கேள்வியைக் கேட்பது லாக்டெப்_அசெர்ட்_ஹெல்ட். லாக் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கெர்னல் கருவியான லாக்டெப் 2006இல் 2.6.18 கெர்னலோடு வந்தது. எந்த டாஸ்க் எந்தெந்த லாக்குகளை வைத்திருக்கிறது என்று அது தனிக் கணக்கு வைக்கிறது; ஒரு டாஸ்க்குக்கு 48 வரை. கணக்குப் புத்தகம் தனியாக இருப்பதால் பூட்டியதா என்று ஸ்பின்லாக்கையே கேட்க வேண்டியதில்லை, யூபியிலும் பதில் சரியாக வரும். லாக்டெப்பை அணைத்த பில்டில் அந்த வரி மறைந்துவிடும், செலவு இல்லை. நான் மேலே சொன்ன ஃப்யூடெக்ஸ் வரியும் பின்னாளில் லாக்டெப்புக்கே மாறிவிட்டது. லாக் சுட்டி காலியா என்ற கேள்வி மட்டும் வார்ன்_ஆன்_எஸ்எம்பியில் தங்கிவிட்டது.

அசெர்ட்_ஸ்பின்_லாக்ட் என்று ஒன்று இருக்கிறதே?

அது எஸ்எம்பியில் பக்_ஆன். லாக் இல்லையென்றால் கெர்னல் அந்த இடத்திலேயே விழும். சாதாரண யூபி பில்டில் ஒன்றுமில்லை. பொய் எச்சரிக்கை தராது என்ற அளவில் பாதுகாப்பானது. "யார் பூட்டியது" என்ற ஓட்டை இதிலும் அப்படியே இருக்கிறது. புதுக் கோடில் நான் போடுவதில்லை.

டீபக் தேர்வை ஆன் செய்தால் எச்சரிக்கை நின்றுவிடுகிறது. பிழை போய்விட்டதா?

போகவில்லை, ஒளிந்துகொண்டது. இதில் நான் இரண்டு நாள் தொலைத்திருக்கிறேன்.

ஒற்றை கோர் ஆர்ம் போர்டு ஒன்றுக்கு நானே எழுதிய டிரைவர். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு வார்ன்_ஆன் பின்தடம் சீரியல் கன்சோலில் கொட்டியது. 115200 பாட் என்றால் நொடிக்குப் பதினோராயிரத்துச் சொச்சம் எழுத்துதான் போகும். போர்டு பாக்கெட் அனுப்பியதைவிடப் புலம்பியதுதான் அதிகம். லாக் எங்கேயோ விட்டுப்போகிறது என்று நினைத்து ஸ்பின்லாக் டீபக் தேர்வை ஆன் செய்தேன். கொட்டுவது சுத்தமாக நின்றது. "டைமிங் பிரச்சினை" என்று முடிவுகட்டினேன். புரியாத எல்லாவற்றுக்கும் நாம் வைக்கும் பெயர் அதுதானே.

நடந்தது வேறு. அந்தத் தேர்வு ஆன் ஆனதும் யூபியிலும் ஸ்பின்லாக்குக்குள் நிஜமான ஒரு புலம் வந்துவிடுகிறது. ஸ்பின்_இஸ்_லாக்ட் உண்மையைச் சொல்லத் தொடங்குகிறது. தேர்வை அணைத்தால் மறுபடியும் பொய். லாக் ஆரம்பத்திலிருந்தே சரியாகத்தான் இருந்தது. தவறு நான் எழுதிய சோதனை வரியில். டீபக் பில்டில் நின்று, சாதாரண பில்டில் மட்டும் வரும் எச்சரிக்கையைப் பார்த்தால் முதலில் இந்த வரியைத் தேடுங்கள்.

கியூஎம்யூ என்ற மிஷின் எமுலேட்டரில் ஒரு சிபியு மட்டும் கொடுத்துச் சோதித்தேன். அது யூபி சோதனைதானே?

இல்லை. அது ஒரு பிராசசரில் ஓடும் எஸ்எம்பி கெர்னல். ஸ்பின்லாக் புலம் இருக்கும், ஸ்பின்_இஸ்_லாக்ட் உண்மை சொல்லும், வார்ன்_ஆன்_எஸ்எம்பி விழித்திருக்கும். பூட் வரியில் நோஎஸ்எம்பி கொடுத்தாலும் கதை அதேதான். இந்தப் பக்கத்தில் சொல்லும் பிழைகளில் பெரும்பாலானவை கம்பைல் நேரத்தில் பிறப்பவை. எஸ்எம்பி தேர்வை அணைத்துத் திரும்ப கம்பைல் செய்தால்தான் வெளியே வரும். எக்ஸ்86இல் இன்றும் அணைக்கலாம். 64 பிட் ஆர்மில் அந்தத் தேர்வே உங்கள் கையில் இல்லை, எஸ்எம்பி எப்போதும் ஆன்.

இதில் ஒரு அழகான விஷயம் இருக்கிறது, சொல்லாமல் போக மனமில்லை. எஸ்எம்பி கெர்னல் ஒற்றை பிராசசரில் எழுந்தால் எக்ஸ்86இல் அது தன் கோடைத் தானே திருத்திக்கொள்ளும். பல பிராசசர்களுக்காக சில கட்டளைகளுக்கு முன்னால் லாக் என்ற ஒரு பைட் முன்னொட்டு இருக்கும். அதன் மதிப்பு 240. அப்படிப்பட்ட இடங்களின் பட்டியலைக் கெர்னல் கையோடு வைத்திருக்கிறது. பூட் ஆகும்போது ஒரே பிராசசர் என்று தெரிந்தால் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு 240ஐயும் 62ஆக மாற்றிவிடும். 62 என்பது டேட்டா செக்மென்டைக் குறிக்கும் முன்னொட்டு, அந்த இடத்தில் அதனால் எந்த மாற்றமும் இல்லை. பிறகு இரண்டாவது பிராசசர் வந்து சேர்ந்தால் 62 எல்லாம் திரும்ப 240 ஆகும். 32 பிட் ஆர்மிலும் இதே யோசனை வேறு உருவில் உண்டு. எஸ்எம்பிக்காக கம்பைல் செய்த கெர்னல் ஒற்றை கோரில் எழுந்தால் யூபிக்கான கட்டளைகளை அந்தந்த இடத்தில் எழுதிக்கொள்ளும்.

எந்த பிராசசரில் ஓடுகிறேன் என்று கேட்டால்?

எஸ்எம்பி_பிராசசர்_ஐடி யூபியில் எப்போதும் 0. பிரச்சினை அதில் இல்லை. எஸ்எம்பியில் ப்ரீஎம்ப்ஷனை நிறுத்தாமல் அதைக் கேட்டால், பதில் கைக்கு வருவதற்குள் டாஸ்க் வேறு பிராசசருக்கு மாறியிருக்கலாம். டீபக் தேர்வு இருந்தால் கெர்னல் அதைக் கண்டுபிடித்துத் திட்டும். யூபியில் மாற இடமே இல்லாததால் திட்டு விழாது. யூபி போர்டில் மட்டும் ஓட்டிப் பார்த்த டிரைவர் எஸ்எம்பிக்குப் போன முதல் நாளே திட்டு வாங்குவது இதனால்தான்.

சிபியு மாஸ்க்கை (எந்தெந்த சிபியு என்று குறிக்கும் பிட் பட்டியல்) வைத்துச் சுற்றும் லூப்?

இங்கேயும் ஒரு பழைய குழி இருந்தது. யூபியில் அந்த லூப் மேக்ரோக்கள் மாஸ்க்கைத் திறந்தே பார்க்கவில்லை. ஒரே சிபியு, அது எப்படியும் மாஸ்க்கில் இருக்கும் என்று ஒரு சுற்று ஓடிவிடும். காலி மாஸ்க் கொடுத்தாலும் ஒரு சுற்று! 2022இல்தான் மாஸ்க்கை மதிக்கும்படி திருத்தினார்கள். அதற்கு முந்தைய கெர்னலில் வேலை செய்கிறீர்கள் என்றால் லூப்புக்கு முன் மாஸ்க் காலியா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறொரு சிபியுவில் ஒரு செயல்கூறை ஓட்டச் சொல்லும் அழைப்புகள்?

யூபியிலும் இருக்கின்றன, தனியாக இஃப்டெஃப் (தேர்வைப் பார்த்து வரிகளை கம்பைலரிடமிருந்து மறைக்கும் கட்டளை) போட வேண்டாம். எண் 0 என்றால் இன்டரப்டை அணைத்துவிட்டு அங்கேயே ஓட்டும். வேறு எண் கொடுத்தால் அப்படி ஒரு சாதனம் இல்லை என்ற பிழை எண்ணைத் திருப்பும். திரும்பி வந்த மதிப்பைப் பாருங்கள், பலர் பார்ப்பதில்லை.

யூபி என்றால் அட்டாமிக் செயல்களும் மெமரி பேரியர்களும் தேவையில்லைதானே?

பாதி சரி. எக்ஸ்86இல் நினைவகத்தில் உள்ள எண்ணை ஒரே கட்டளையில் கூட்டலாம். இன்டரப்ட் இரண்டு கட்டளைகளுக்கு நடுவில்தான் வரும், ஒன்றைப் பிளந்துகொண்டு வராது. ஆகவே லாக் முன்னொட்டு இல்லாமலே அது முழுமையாக நடக்கும். பழைய ஆர்மில் எடுப்பது, கூட்டுவது, வைப்பது மூன்றும் தனித்தனிக் கட்டளைகள். ஆறாம் பதிப்புக்கு முந்தைய ஆர்ம் சில்லுகளில் கெர்னல் இன்டரப்டை அணைத்துத்தான் இதைச் செய்கிறது. அந்தச் சில்லுகளுக்கு எஸ்எம்பி கம்பைல் செய்யப் போனால் "ஆதரவில்லை" என்று கம்பைலே நின்றுவிடும்.

நினைவகத்தில் படிப்பதும் எழுதுவதும் வரிசை மாறாமல் காப்பவை பேரியர்கள். அவற்றில் எஸ்எம்பி என்று தொடங்குபவை யூபியில் வெறும் கம்பைலர் தடுப்பு. ஆனால் டிஎம்ஏ செய்யும், அதாவது பிராசசர் இல்லாமல் நேராக நினைவகத்தைத் தொடும், நெட்வொர்க் கார்டுக்கு உங்களிடம் எத்தனை பிராசசர் என்பது பற்றிக் கவலை இல்லை. அதற்கு டிஎம்ஏ பேரியரோ முழு பேரியரோ வேண்டும். விர்ச்சுவல் மிஷின் என்றால் இன்னும் வேடிக்கை. விருந்தினர் கெர்னல் யூபி, அதைத் தாங்கும் மிஷினோ பல கோர். விருந்தினரும் தாங்கும் மிஷினும் தரவைப் பரிமாறும் வெர்டியோ வரிசையின் மறுமுனை இன்னொரு கோரில் நிஜமாகவே ஓடிக்கொண்டிருக்கும். அதற்கென்றே விர்ட் என்று தொடங்கும் தனி பேரியர்கள் உண்டு. யூபியிலும் அவை கரைந்து போகாது.

யூபியில் மட்டும் ஆர்சியூ ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது?

ஆர்சியூ என்பது படிப்பவர்கள் லாக் எடுக்காமலே தரவைப் படிக்க விடும் கெர்னல் முறை. ப்ரீஎம்ப்ஷனும் இல்லாத யூபியில் அதன் சிறிய வடிவமான டைனி ஆர்சியூ வரும். பழைய தரவைப் படித்துக்கொண்டிருக்கும் எல்லாரும் முடிக்கும்வரை காத்திரு என்பதுதான் ஆர்சியூவின் முக்கிய அழைப்பு. இங்கே அந்த அழைப்பை நீங்கள் செய்கிறீர்கள் என்றாலே வேறு யாரும் நடுவில் படித்துக்கொண்டிருக்க முடியாது என்று அர்த்தம். அதனால் காத்திருக்க ஆளில்லை, உடனே திரும்பிவிடும்.

இஃப்டெஃப் போட்டு யூபிக்குத் தனிக் கோட் எழுதட்டுமா?

முடிந்தவரை வேண்டாம். இஃப்டெஃப் மறைத்த வரிகளை கம்பைலர் பார்ப்பதில்லை. ஆறு மாதத்தில் ஒரு பெயர் மாறினாலும் யூபி பில்ட் உடைந்து கிடக்கும், யாருக்கும் தெரியாது. சாதாரண இஃப் நிபந்தனைக்குள் இஸ்_எனேபிள்ட் என்று கேட்டால் இரண்டு பக்கமும் கம்பைல் ஆகும், தேவையில்லாததை ஆப்டிமைசர் தூக்கிவிடும். எஸ்எம்பியில் மட்டும் இருக்கும் உறுப்பைத் தொட வேண்டிய இடத்தில் மட்டும் வேறு வழியில்லாமல் இஃப்டெஃப்.

இன்னுமா யாராவது யூபி கெர்னல் ஓட்டுகிறார்கள்?

முதல் ராஸ்பெரி பையில் இருந்தது ஒற்றை கோர் ஆர்ம்தான். ரூட்டர், மீட்டர், பழைய தொழிற்சாலைக் கருவி என்று இன்னும் நிறைய ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் காற்று மறுபக்கம் அடிக்கிறது என்பதும் உண்மை. லினக்ஸில் பல பிராசசர் ஆதரவு 1996இல் 2.0 பதிப்போடு வந்தபோது அதுதான் விதிவிலக்கு. 2025இல் வந்த 6.17இல் ஷெட்யூலரின் (எந்த டாஸ்க் எப்போது ஓடும் என்று முடிவு செய்யும் பகுதி) எஸ்எம்பி கோட் எல்லா பில்டிலும் கம்பைல் ஆகும்படி கெர்னல் உருவாக்குநர் இங்கோ மோல்னார் மாற்றினார். யூபிக்கென்று அங்கே இருந்த தனிப் பாதை போய்விட்டது. ஸ்பின்லாக் 0 பைட்டாகும் கதை வேறு கோப்பு, அதை இந்த மாற்றம் தொடவில்லை.

பேட்ச் அனுப்புமுன் குறைந்தபட்சம் என்ன பார்க்க வேண்டும்?

மூன்று பில்ட். முதலில், எஸ்எம்பியும் லாக்டெப்பும் ஆன் செய்தது. அப்புறம், எஸ்எம்பியை அணைத்து, லாக்டெப்பும் அட்டாமிக் தூக்கச் சோதனையும் ஆன் செய்தது. லாக் வைத்துக்கொண்டு தூங்கப் போகும் பிழை யூபியிலும் இதில் மாட்டும். மூன்றாவது, எஸ்எம்பியும் இல்லை, எந்த டீபக் தேர்வும் இல்லை. சோம்பேறித்தனத்தில் எல்லாரும் தாண்டிப் போவது இந்த மூன்றாவதைத்தான். என் டிரைவர் சீரியல் கன்சோலில் புலம்பியதும் இதில்தான்.